எழிலரசி பெயர் வைத்த க்வெரிகள்

எழிலரசிக்கு ஒரே விஷயத்துக்குத்தான் கோபம் வரும். ஆட்களின் விவரமெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் டேட்டாபேஸிடம் ஒரே கேள்வியை ஆளுக்கொரு விதமாகக் கேட்டால் பொறுக்கமாட்டாள். ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியில் அவள் புரோகிராமராகச் சேர்ந்தபோது நாங்கள் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். யூனிஃபார்ம் பட்டியலுக்கு நான் எழுதிய க்வெரியில், அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியில், வேலையை விட்டுப் போனவர்களும் வருவார்கள். "இன்னா ஜெயசீலன் சார், நின்னு போனவங்களுக்கும் யூனிஃபார்ம் குடுப்பீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். என் மானம் போயிற்று.

அவள் கொண்டுவந்த ஓ.ஆர்.எம். என்ற புரோகிராம் தொகுப்பில் ஒரு க்வெரியை ஒருமுறை எழுதிப் பெயர் வைத்தால் போதும். எங்கே வேண்டுமானாலும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், ஒன்றோடு ஒன்றைக் கோக்கலாம். எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் அடுக்கினாள். பிள்ளைக்குப் பெயர் வைப்பதுபோல ஒவ்வொன்றுக்கும் அரைநாள் யோசிப்பாள், நான் கேலி செய்வேன்.

'லீவு ஜாஸ்தி' என்று ஒன்று. அதில் வருகிறவர்களுக்குப் போன் போட்டு உடம்புக்கு என்ன என்று விசாரிப்பாள். 'மாதனூர் பஸ்' என்று ஒன்று, மழை நாளில் கம்பெனி பஸ் தாமதமானால் அந்த ஊர்க்காரர்களுக்குத் தகவல் சொல்ல. 'ஐம்பது தாண்டியவர்கள்' தையல் பிரிவுக்கு மட்டும். கண் மங்கினால் விரலில் ஊசி இறங்கிவிடும் என்று, வருடம் ஒருமுறை கண் டாக்டரை வரவழைக்க எழுதியது.

அந்த யோசனை வந்ததே கமலத்தால்தான். மாதனூரில் எழிலரசிக்கு எதிர்வீடு, எங்கள் தையல் பிரிவில் இருபது வருடம். ஒன்பதாவது படிக்கும்போது தாயை இழந்த எழிலரசிக்குச் சோறு போட்டதும், மேனேஜரிடம் கெஞ்சி இந்த வேலைக்கு வழி செய்ததும் அந்த அம்மாதான்.

போன வருடம் வெளிநாட்டு ஆர்டர் பாதியாகக் குறைந்தது. தையலில் அறுபது பேரை நிறுத்தவேண்டும் என்று மேனேஜர் எழிலரசியின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "உங்ககிட்டதான் எல்லாம் ரெடியா இருக்கே. மூணையும் சேருங்க."

சேர்த்தாள். மூன்றிலும் இருப்பவர்கள் பதினோரு பேர். லீவை நீக்கச் சொன்னார், இருபத்தேழு. பஸ்ஸையும் நீக்கச் சொன்னார், ஐம்பது தாண்டிய அறுபத்து நான்கு பேரும் வந்தார்கள். "இது சரி" என்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என் பழைய க்வெரிகளாக இருந்தால் ஒரு வாரம் இழுத்தடித்திருக்கும்.

இருபத்து மூன்றாவது பெயர் கமலம்.

"சார், ஒரே ஒரு பேரை மட்டும்..."

"ஒருத்தர எடுத்தா எல்லாரும் வந்து நிப்பாங்கம்மா. ரூல்னா ரூல்."

பிரிண்ட் கொடுத்தாள். பக்கத்து மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நான் தாளை எடுத்து மேனேஜரிடம் நீட்டினேன். அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

மறுநாள் கமலம் எங்கள் அறைக்கே வந்தார். "கம்ப்யூட்டர் எடுத்த லிஸ்ட்டுன்றாங்களே எழிலு. தப்பா வந்திருக்கும், இன்னான்னு பாரேன்."

"தப்பு இல்ல அத்தை. நான் எழுதுனதுதான்."

"அதுல என் பேரு இருந்துச்சே. நீ பாக்கலியா?"

"பாத்தேன் அத்தை."

கமலம் திட்டியிருந்தால் எழிலரசி தாங்கியிருப்பாள். "பஸ்ஸு கிளம்பிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகு அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எதிர்வீட்டுக்காரியின் முகத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு இப்படி வாழ்வது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியாது. அந்த ஃபைலையே அழிக்கப் போனவளை நான்தான் தடுத்தேன், வேலை நடக்கவேண்டுமே என்று.

இந்த வருடம் கண் டாக்டர் வந்தார். வழக்கம்போலத் தையல் பிரிவுக்குப் பட்டியல் எடுக்க எழிலரசி 'ஐம்பது தாண்டியவர்கள்' க்வெரியை ஓட்டினாள். தாளை எடுத்துக்கொண்டு போக நான் பிரிண்டர் பக்கத்தில் நின்றேன். எதுவும் வரவில்லை. மறுபடி ஓட்டினாள். ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தாள், ஒரு பிழையும் இல்லை.

"எத்தனை பேர்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"யாரும் இல்ல சார்" என்றாள்.