ஞானசுந்தரம் மாஸ்டர் தன் பெயரை நீக்கிக்கொண்டது

மாத்தளையில் போனும் இன்டர்நெட்டும் வைத்திருந்த என் கொமியூனிகேஷன் கடைக்குத் தினமும் பின்னேரம் வருவார் ஞானசுந்தரம் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கம்ப்யூட்டரை இயக்க லினக்ஸ் என்று ஒன்றாம்; உலகெங்கும் ஆட்கள் சம்பளமில்லாமல் செய்து சும்மா கொடுக்கிறார்களாம். அதில் தமிழ் அகராதி நிரல் ஒன்று இவருடையது. வேலியில் போகிற ஓணானை மடியில் கட்டிக்கொள்கிறார் என்று நான் கேலி செய்வேன்.

2007இல் அந்த நிரல் சிக்கிக்கொண்டது. பல நிரல்கள் நம்பியிருந்த அடிப்படை நிரல் ஒன்று மாறிவிட்டது. அதற்கேற்ப எல்லாம் மாறி, ஒன்றாகவே அடுத்த பதிப்புக்குப் போக வேண்டும். ஒன்று தயாராகாவிட்டாலும் அத்தனையும் நிற்கும். தயாராகாதது மாஸ்டருடையது.

"என்னோடத எடுத்துடுங்கன்னு எழுதிட்டேன் ஸக்கரியா. மத்ததெல்லாம் போகட்டும். சரியாக்கினா திரும்பச் சேர்த்துக்குவாங்க," என்றார்.

மற்றவை மறுநாளே போய்விட்டன. அவருக்குத் திருப்தி. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மாஸ்டர் வீட்டிலும் அப்போது இதே நிலைமை. மனைவி சுசீலாதேவியின் அண்ணன் வெளிநாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். மனைவி, மகள் சந்திரகாந்தா, மாஸ்டர், மூவருக்கும் ஒரே விண்ணப்பம். யுத்த காலம்; முந்திய வருஷம் மாஸ்டரைப் புலி என்ற சந்தேகத்தில் பிடித்து, விசாரித்து விட்டிருந்தார்கள். குற்றமில்லை என்று சொல்லும் பொலிஸ் அறிக்கை மட்டும் வரவில்லை. அது வராமல் யாருக்கும் விசா இல்லை.

ஒருநாள் சோதனைச் சாவடியில் சந்திரகாந்தாவை வெகுநேரம் நிறுத்தி வைத்தார்கள். அதற்குப் பிறகு தாய் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார். மாஸ்டர் யாரிடமும் கேட்கவில்லை. விண்ணப்பத்திலிருந்து தன் பெயரை எடுக்கும்படி எழுதிவிட்டார்.

"உங்க ரெண்டு பேருக்கும் முதல்ல விசா வந்திருக்கு. எனக்குப் பின்னாடி வரும்," என்று வீட்டில் சொன்னார். அவர்கள் நம்பிப் போனார்கள்.

அவர்கள் போய் இரண்டு மாதத்தில் பொலிஸ் அறிக்கை வந்துவிட்டது, குற்றமற்றவர் என்று. நான் சந்தோஷத்தில் பிளேன்டீ வரவழைத்தேன். அவர் தொடவில்லை. எடுத்த பெயரைத் திரும்பச் சேர்க்க முடியாதாம். முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும், வருஷக்கணக்காகும்.

அன்றுதான் என் கடையிலிருந்து மகளுக்குப் போன் எடுத்து உண்மையைச் சொன்னார். கடை சின்னது. அந்தப் பிள்ளை அழுதது எனக்கும் கேட்டது.

"ரெண்டு மாசந்தானே அப்பா. நாங்க காத்துக்கிட்டு இருந்திருப்போமே. எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

மாஸ்டர் ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"மகள், நான் ஸக்கரியா மாமா," என்றேன். அவர் தொடாத பிளேன்டீயை அவர் பக்கம் நகர்த்தினேன்.