முதல் சங்கரா

ஞாயிற்றுக்கிழமையானால் தூண்டிலும் கையுமாக ஆனேக்கல் பக்கத்து ஏரிக்குப் போய்விடுவேன். ஒரு மீன்கூட மாட்டியதில்லை. நான் செருப்பை மாட்டும்போதே என் மனைவி, "முட்டை வாங்கி வெச்சிடட்டா?" என்பாள். ஒக்கலிபுரத்தில் எங்கள் தெருவே சிரிக்கும். சிரிக்கட்டும். என் கையால் ஒரே ஒரு மீன் பிடித்து அவள் முன்னால் வைக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

கூட வேலை பார்ப்பவனின் அண்ணனுக்குக் கடலூர்ப் பக்கம் சொந்தப் படகு. தை பிறந்து கடல் தெளிந்தால் தூண்டில் சீசன், வாங்க என்றார். "வந்தா மீனோடதான் வருவேன்" என்று மனைவியிடம் சவால் விட்டுப் பஸ் ஏறினேன்.

மீன்கள் தங்குவதற்கென்று சிமென்ட் உருளைகளைக் கடலுக்கடியில் இறக்கி உண்டாக்கிய பாறைக்கு மேல் அண்ணன் படகை நிறுத்தினார். வலை போட்டால் மாட்டிக் கிழிந்துவிடும், அதனால் தூண்டில் மட்டும்தான். அண்ணன் என் மூங்கில் கழியை ஓரமாக வைத்துவிட்டு, வெறும் தூண்டில் நரம்பைக் கையில் கொடுத்தார்.

படகு ஆடியது, தலை சுற்றியது, ஆனாலும் எனக்கு வாய்கொள்ளாத சிரிப்பு. நரம்பு வெடுக்கென்று இழுத்தது. ஏரிப் பழக்கத்தில் கொஞ்சம் விட்டுப் பிடிக்கப் பார்த்தேன்.

"உடாதீங்க சார்! உட்டா சிமென்ட் ஓட்டைக்குள்ள பூந்துக்கும்!" என்று அண்ணன் அலறினார்.

தமிழிலும், எங்கள் ஊர்ப் பழக்கத்தில் கன்னடத்திலும் கத்திக்கொண்டே இழுத்தேன். உள்ளங்கையை நரம்பு அறுத்தது. முழங்கை நீளத்துக்கு ஒரு சங்கரா, செக்கச்செவேலென்று படகுக்குள் வந்து விழுந்தது. நான் குதித்த குதியில் படகு கவிழாதது அண்ணனின் அதிர்ஷ்டம்.

அவர்தான் தயங்கினார். "சீசன்ல மொத மீன பாறைக்கே உட்டுடுவோம் சார், எங்க பழக்கம். நீங்க விருந்தாளி, ஆசைப்பட்டா எடுத்துக்குங்க."

அழுகையே வந்துவிட்டது. இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தேன். அவர் படகு, அவர் கடல். குனிந்து விட்டுவிட்டேன். வாலை ஒரு வீசு வீசிக்கொண்டு அது போன வேகத்தைப் பார்த்ததும் மறுபடி சிரிப்பு. மதியம்வரை அண்ணனுக்குத்தான் மாட்டியது. அவர் கொடுத்த மீனை நான் வாங்கவில்லை.

திரும்பும் பஸ் அத்திபெலே தாண்டும்போதுதான் போட்டோ எடுக்காதது உறைத்தது. வீட்டில் வெறுங்கையோடு நின்று எல்லாம் சொன்னேன். எனக்கே புளுகு மாதிரி இருந்தது. மனைவி என் கையை லைட்டுக்கு நேராகத் திருப்பி, காயத்தை மெல்லத் தொட்டாள்.

"எவ்ளோ பெருசு?"

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவள் அதைப் பிடித்து இன்னும் ஒரு சாண் அகலமாக இழுத்து வைத்தாள்.

"தெருவுல கேட்டா இவ்ளோ" என்றாள்.