மானிட்டருக்கு வைத்த பொட்டு

ஃப்ளெக்ஸ் கடையில் உட்கார்ந்து ஊரார் முகத்துக்குக் கலர் போடும் என் சக பாவிகளே, இங்க் அடைத்தாலும் கரண்ட் போனாலும் கடைசியில் தப்பு டிசைனர் மேல்தான் என்பது உங்களுக்குத் தெரியாததா?

நட்டநடு நெற்றி

நான் டிசைன் செய்யும் செஞ்சிக் கடைக்கு ஓனர் ஏகாம்பரம் அண்ணன். ஆயுத பூசையன்று பிரிண்டருக்கும் கத்தரிக்கோலுக்கும் பொட்டு வைத்தவர், மானிட்டரின் நட்டநடுவிலும் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார். அன்றிலிருந்து மாப்பிள்ளைகளின் மூக்கு பொட்டுக்கடியில் போகாமல் படத்தை நகர்த்தி நகர்த்தித்தான் வேலை. துடைக்கட்டுமா என்றேன். மூக்காலேயே பேசுவார், நீங்களும் மூக்கைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்:

"தானா உதுரணும். நீ கைய வச்சின்னா தொழிலே உதுந்துடும்."

கலர் அளக்கும் பூச்சி

ஸ்கிரீனில் ஒரு கலர், பிரிண்டில் ஒரு கலர் என்று ஊரே திட்டியதால், திண்டிவனத்து ஸ்டுடியோ ஒன்றிலிருந்து, பார்க்கப் பூச்சி மாதிரியே இருக்கும் கலர் அளக்கும் கருவியை ஒருநாள் இரவல் வாங்கிவந்தார். ஸ்கிரீன் நடுவில் அதை வைத்தால், நிறங்களை அளந்து மானிட்டரைத் திருத்திவிடும். பயபக்தியோடு வைத்தார். முடிந்ததும் ஸ்கிரீனில் இருந்தவர்கள் எல்லாரும் விஷம் குடித்தவர்கள்போல நீலம் பாரித்திருந்தார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை என்றேன்.

"மெஷினே சொல்லுது, உன் கண்ணு இன்னா அதவிடப் பெருசா?"

மஞ்சள் மணப்பெண்

அன்று மாலை வல்லத்தில் ஒரு ரிசப்ஷன். பெண்ணின் அண்ணன் பேனருக்காக வந்து நின்றார். ஸ்கிரீனில் பெண் நீலமாகத் தெரிந்ததால் நான் மஞ்சளும் சிவப்பும் ஏற்றி அனுப்பியிருந்தேன். பிரிண்ட் வெளியே வந்தது. பத்தடி உயரத்துக்கு மஞ்சள் முகம், மஞ்சள் பல். மனுஷன் குரல் இறங்கிப்போனது.

"மாப்ளயோட அத்த ஏற்கெனவே பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லன்னு ஊரெல்லாம் சொல்லினு திரியிது. இத கட்டினா மஞ்சக் காமாலன்னே முடிவு பண்ணிடும்மா."

ஆத்தா அருள்

ஏகாம்பரம் அண்ணன் இங்க்கைத் திட்டினார், பிரிண்டரைத் திட்டினார், என்னைத் திட்டினார், களைத்துப்போய் டீக்குப் போனார். அப்போதுதான் கருவியின் அடியைத் திருப்பிப் பார்த்தேன். குங்குமம். பாவம், அது பொட்டைத்தான் அளந்திருக்கிறது! சந்தனத்தின் மஞ்சளை ஸ்கிரீனின் மஞ்சள் என்று நம்பி, அதை அடக்க நீலத்தை ஏற்றியிருக்கிறது.

துப்பட்டா நுனியால் பொட்டைத் துடைத்தேன். மறுபடி அளந்து, நான் ஏற்றியதை எல்லாம் இறக்கி, மறுபடி பிரிண்ட் போட்டேன். மாநிறத்தில், ஆரோக்கியமாகச் சிரித்துக்கொண்டு வந்தாள் பெண். அவள் அண்ணன் பேனரைச் சுருட்டிக்கொண்டு பைக்கில் பறந்தார். நான் பழைய இடத்திலேயே பழைய அளவில் பொட்டை வைத்துவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்தேன். டீ குடித்து வந்த அண்ணன் ஸ்கிரீனைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாத்தியா? அழிக்காம வுட்டதுக்கு ஆத்தாவே எறங்கி வந்து கலர சரி பண்ணிட்டா."

அந்த ஆத்தாவின் துப்பட்டாவில் சந்தனக் கறை இன்னும் போகவில்லை என்பதை மட்டும் அவரிடம் நான் சொல்லவில்லை.