இறால் போட்டோ, போடாமலோ

போன சனிக்கிழமை மகள் வேலையால் வரும்போது ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவந்தாள். "அம்மா, கண்ணை மூடிக்கொண்டு மணந்து பாத்துச் சொல்லுங்கோ" என்று என் மூக்குக்குக் கீழே நீட்டினாள். மஞ்சள், தேங்காய்ப்பால், எண்ணெயில் முறுகிய அரிசிமா, எல்லாவற்றுக்கும் அடியில் கருவாட்டை நினைவூட்டும் ஒரு வாடை. கண்ணைத் திறக்க முதலே சொல்லிவிட்டேன்: "பான் செயோ!" அவளுக்கு வாய் பிளந்துவிட்டது. வியட்நாம் சாப்பாட்டை ஒஸ்லோவில் தன் வயதுக்காரர்தான் கண்டுபிடித்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், பாவம். அடியே, நீ பிறந்ததுக்கே இந்தப் பலகாரம்தான் காரணம் என்று சொல்ல வாயெடுத்தேன். பிள்ளையிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள்தான் இருக்கும். நாங்கள் ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். நான் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. அம்மாவுக்கு எனக்கு மாப்பிள்ளை பார்ப்பதுதான் வேலை, அதுவும் முழுநேரம். லில்லெஸ்ட்ரோமில் ஒரு பெடியன் இருக்கிறான் என்று யாரோ சொல்ல, இரண்டு தாய்மாரும் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து "என்ரை மகன் சுத்த சைவம், முட்டையும் தொடான்" என்று ஒரு பெருமை வந்தது. என் அம்மா விட்டுக்கொடுக்கிற ஆளா? "எங்கடை பிள்ளையும் அப்பிடித்தான். மச்சம் சமைச்சா அந்தப் பக்கமே வராள்" என்றா. மச்சம் என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் மீன், இறைச்சி எல்லாம் அடங்கும். அம்மா இதைச் சொன்ன நேரம், பக்கத்திலேயே இருந்து நான் நண்டுக்கால் உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா, இப்பிடிப் புளுகுறியள்?"

"நீ வாயைப் பொத்து. கலியாணம் முடிஞ்சா எல்லாம் சரிவரும்."

எப்படிச் சரிவரும்? ஆயுளுக்கும் கத்தரிக்காயும் பருப்பும்தானா? சரி, பெடியனைப் பிடிக்காமல் போனால் பிரச்சினை முடிந்தது என்று பார்த்தால், தொலைபேசியில் கதைக்கத் தொடங்கியதும் பிடித்துத் தொலைத்துவிட்டது. அவர் சிரிக்கிற சிரிப்பு அப்படி. எனக்கு அந்த ஆளும் வேணும், மீனும் வேணும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்பது நிச்சயமாகத் தெரிந்தது.

ஒரு கோடைச் சனிக்கிழமை நேரில் சந்திப்பது என்று முடிவாயிற்று. இடம், ஸ்டேஷன் வாசலில் நிற்கும் புலிச் சிலையடி. எங்கடை சனம் வேறெங்கே நிற்கும்? அவர் சட்டையின் அயர்ன் மடிப்புக் கலையாமல் வந்திருந்தார். நான் அம்மா தெரிந்தெடுத்த சுடிதாரில் வேர்த்துக்கொண்டு நின்றேன். கோப்பிக் கடைக்குப் போனோம். கறுவாப் பணிஸ் சுடச்சுட அடுக்கியிருந்தது. "இதுக்குள்ளை முட்டை இருக்கோ?" என்று கடைப் பிள்ளையிடம் நான் கேட்டேன். என்ன நடிப்பு! அவள் உள்ளே போய்க் கேட்டுவந்து, இருக்கிறது என்றாள். அவரும் கவலையோடு தலையாட்டினார். இரண்டு பக்தர்களும் வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினோம். எனக்குக் காலையிலிருந்து சாப்பாடில்லை. பதற்றத்தில் ஒன்றும் இறங்கவில்லை.

கிறோன்லாண்ட் பக்கம் ஆற்றோரமாக நடந்தபோது அங்கே ஒரு தெருவிழா. கொட்டு மேளம், பலூன், நாலைந்து நாட்டுச் சாப்பாட்டுக் கடைகள். திடீரென்று "ஸ்ஸ்ஸேய்" என்று ஒரு சத்தம். சூடான கல்லில் மா விழுகிற சத்தம்! கூடவே தேங்காய்ப்பால் வாசம்.

"தோசை!" என்று நடுத்தெருவில் கத்திவிட்டேன்.

"ஓம், தோசைதான்! கெதியா வாங்கோ, சனம் சேரமுந்தி போவம்!" என்று அவரும் ஓட்டமும் நடையுமாக வெளிக்கிட்டார். பெண்பார்க்க வந்தவர் மாதிரியே இல்லை.

கடைக்காரி குட்டையான வியட்நாம் பெண். இரண்டு கறுத்த தாச்சிகள். மஞ்சள் நிற மாவை ஒரு கரண்டி ஊற்றிச் சுழற்ற, ஓரம் சரிகை மாதிரி முறுகி எழும்பியது. மாவுக்குள் என்ன என்று அவர் நோர்வேஜிய மொழியில் விசாரித்தார். அரிசிமா, மஞ்சள், தேங்காய்ப்பால். முட்டை இல்லை. எங்கள் இருவருக்கும் சீட்டு விழுந்த சந்தோசம். அடுத்த கணமே அவள் பக்கத்துச் சட்டிக்குள் கைவிட்டு ஒரு பிடி இறாலும் கொஞ்சம் பன்றியிறைச்சியும் அள்ளி எங்களுக்கு முன்னால் நின்றவருக்கான தாச்சியில் போட்டாள். இறால் கண்முன்னாலேயே சிவந்து சுருண்டது. என் வாய்க்குள் வெள்ளம்.

பிறகு எங்களிடம் திரும்பினாள். பன்றிக்கு இரண்டு பேரும் சேர்ந்து தலையாட்டி மறுத்தோம். எங்களுக்கும் ஓர் ஒழுக்கம் இருக்குத்தானே. "றேக்கர்?" என்றாள் அடுத்ததாக. அதுதான் இறால். "மே? ஊத்தன்?" போட்டோ, போடாமலோ?

"ஊத்தன். ரெண்டும்" என்றார் அவர். கண் இறால் சட்டியை விட்டு அகலவில்லை. அவள் மாக் கரண்டியைத் தூக்கினாள்.

இப்போது வாயை மூடினால் சாகும்வரை மூடவேண்டியதுதான் என்று பட்டது. பயம்தான். அந்த ஆளை இழந்துவிடுவேனோ என்ற பயம். ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"எனக்குப் போட்டு" என்றேன் தமிழில். அவளுக்கு என்ன விளங்கும்? "மே! மே!" என்று கத்தினேன். பிறகு அவரைப் பார்த்து ஒரே மூச்சில் கொட்டினேன்: "நான் சைவமில்லை. நேற்றும் நண்டு சாப்பிட்டனான். அம்மா சொன்னது பொய். பிடிக்காட்டி இப்பவே சொல்லுங்கோ, அடுத்த ட்ரெயினிலை போயிடுறன்."

அவர் கடைக்காரியிடம் திரும்பினார். "இவவுக்குப் போடுறதிலும் பாக்க எனக்கு ரெண்டு மடங்கு போடுங்கோ" என்று நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டு, என்னிடம், "ஒரு கிழமையா அம்மா வீட்டுக்குள்ளை மீனை அண்டவிடேல்லை. பொம்பிளை வீட்டுக்குச் சொன்ன பொய்க்கு இப்பவே பழகட்டாம்!" என்றார். அந்தச் சிரிப்பு! இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். வரிசையில் நின்ற நோர்வேக்காரர் விலகி நின்றார்கள்.

பிளாஸ்டிக் முள்ளுக்கரண்டியைத் தொடக்கூடக் கடைக்காரி விடவில்லை. கையைக் காட்டி, பிய், சலாது இலையில் வை, புதினா வை, சுருட்டு, புளிப்பும் உறைப்புமான மீன்சாற்றில் தோய் என்று செய்துகாட்டினாள். வேலையிடத்தில் பாணைக்கூடக் கத்தியால் வெட்டித் தின்ற நாங்கள், ஒஸ்லோ நடுவீதியில் கையால் சாப்பிட்டோம். மொறுமொறுப்பு, உள்ளே சூடான இறால், பயற்றம் முளை, பச்சை இலையின் குளிர்ச்சி. அவருடைய அயர்ன் மடிப்புச் சட்டைக்கை முழுக்க எண்ணெய், முழங்கைவரை. அந்த முழங்கையைப் பார்த்துத்தான் நான் ஓம் என்று முடிவெடுத்தேன்.

கலியாணம் முடிந்து அம்மருட்டில் குடியிருந்தபோது மாமி ஞாயிறுகளில் வருவா. முதல்நாள் மீன் பொரித்திருப்போம். பனி கொட்டினாலும் யன்னலெல்லாம் திறந்துவிட்டு இரண்டு பேரும் நடுங்கிக்கொண்டிருப்போம்.

"என்ன மீன் மணம்?"

"கீழ்வீட்டுக்காரர், மாமி."

"பாவம் அந்தச் சனம், மூண்டு நேரமும் மீனே?" என்பா. முகத்தில் ஒன்றும் தெரியாது.

வியட்நாம்காரியைத் தேடி ஒவ்வொரு கோடையும் போவோம். ஒரு கோடை அவள் இல்லை. பிறகு தெருவிழாவும் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் மாமி காலமானா. முப்பத்தோராம் நாள் கிரியை முடியும்வரை வீட்டில் மச்சம் இல்லை. முடிந்த பிறகு இறால் கறி வைத்தேன். அவர் தன் சோற்றுக் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டார். துக்கம், போகப்போக மாறும் என்று விட்டேன். மாறவில்லை. கடைசியில் கேட்டேன்.

"அம்மா ஒஸ்லோ முழுக்கச் சொல்லித் திரிஞ்சவா, என்ரை மகன் முட்டையும் தொடான் எண்டு. போனாப் பிறகு அவவைப் பொய்க்காரி ஆக்கேலாது" என்றார்.

சனிக்கிழமை பெட்டியைத் திறந்ததும் அவர் வந்து பக்கத்தில் இருந்தார். சலாது இலையைக் கழுவி, புதினா வைத்து ஒவ்வொன்றாக என்னிடம் தந்தார். "நல்ல றாலோ?" என்று மட்டும் கேட்டார். "ஓம்" என்றேன். பெட்டிக்குள் ஆறிப்போய் வந்த பலகாரத்தில் ஓரம் முறுகல் இல்லை, அந்த "ஸ்ஸ்ஸேய்" இல்லை. ஆனாலும் மணம் வீடு முழுக்கப் பரவியது. நாளைக்கு ஞாயிறு, மாமி வருவா என்று பழக்கத்தில் எழும்பி, யன்னலைத் திறக்கக் கையை வைத்துவிட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திறக்காமல் வந்து இருந்தேன்.