டிரைவர் தூங்காமலிருக்கப் பேசிய இரவு

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எங்கே ஒற்று வரும், எங்கே வராது என்பதும் எனக்குப் பிடிபட்டதில்லை. ஊரில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொண்டு, தப்பான இடத்தில் சரியானதைப் போட்டுப் படித்துக்கொள்ள வேண்டும்.

ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்த சமயம் அது. நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கொட்டகையில் இன்ஜின் கழுவிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பு பேராக் பக்கம் ஒரு தோட்டத்தில் அக்காவோடும் அவள் புருஷனோடும் பால் வெட்டியவன்தான். அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்களை ஊருக்குத் திருப்பி அனுப்புகிறார்கள், அக்கா குடும்பமும் அதில் போகிறது என்று தெரிந்ததும் லீவு கேட்டுப் போனேன். காலையில் கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் ஏற வேண்டும். துறைமுகம் வரைக்கும் நானும் கூடவே வந்துவிடுவதென்று ஏற்பாடு.

பலகை பெஞ்சு போட்ட பஸ் அது. ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, கித்தான் திரைதான். மழை சாரலடித்து ஒரு பக்கம் உட்கார்ந்தவர்கள் எல்லாம் நனைந்துவிட்டார்கள். காலடியில் தகரப் பெட்டி, மடியில் பிள்ளை, தலைக்கு மேலே மூட்டை. உள்ளே எனக்கு இடமில்லாமல் டிரைவருக்குப் பக்கத்தில் போய் ஒடுங்கிக்கொண்டேன். இன்ஜின் சூட்டில் ஒரு கால் வெந்தது. மற்றக் கால் மழையில் விறைத்தது.

டிரைவர் கிள்ளான்காரன், என்னைவிட இளையவன். தஞ்சோங் மாலிம் தாண்டியதும் சொன்னான்:

"அண்ணே, நேத்தும் இப்படித்தான் ஒரு தோட்டத்து ஆளுங்கள ஏத்திக்கிட்டு வந்தேன். கண்ணு மூடவே இல்ல. நீ பேசிக்கிட்டே வா."

"கொஞ்சம் ஓரமா நிறுத்திப் படுத்துக்கயேன்."

"நான் படுத்தா விடிஞ்சுதான் எந்திரிப்பேன். கப்பல் போயிடும். அப்புறம் இவங்க எங்க போவாங்க? குடியிருந்த லயத்து வீட்டுக்கெல்லாம் பூட்டுப் போட்டாச்சு. பேசு லா."

எனக்குப் பேச வராது. கடையில் சாமான் கேட்பதற்கே முன்னால் நிற்பவர்கள் போகட்டும் என்று ஒதுங்கி நிற்கிறவன். என்ன பேசுவது? இன்ஜின் கழுவுவதைப் பற்றிச் சொன்னேன். முதலில் கரியைச் சுரண்டுவோம், பிறகு எண்ணெய் போட்டுத் துடைப்போம், பிறகு மறுபடியும் துடைப்போம் என்றேன். டிரைவர் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டான்.

"அண்ணே, நீ பேசறது தாலாட்டு மாதிரி இருக்கு. வேற எதாச்சும்."

பிரிக்பீல்ட்ஸில் நான் சாப்பிடும் கடையைப் பற்றிச் சொன்னேன். அதுவும் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று வார்த்தையில் தீர்ந்துவிட்டது.

"சரி, என்னைத் திட்டு. திட்டினா முழிச்சுக்குவேன்."

"என்னன்னு திட்டறது?"

"அத என்கிட்டயே கேக்கறியே!"

"நீ... நீ நல்லா ஓட்டல" என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பில் கொஞ்ச தூரம் ஓடியது.

பின்னால் ஒரு சத்தமும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து எல்லாரும் தூங்கிவிட்டார்கள். அக்கா கடைசிப் பிள்ளையை நெஞ்சில் சாத்திக்கொண்டு கம்பியில் நெற்றியை முட்டியபடி கிடந்தாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நெற்றி இடித்தது. அவளுக்கு முழிப்பு வரவில்லை.

ரவாங்கை நெருங்கியபோது ரோட்டுக்குப் பக்கத்திலேயே ஈயம் தோண்டிய குட்டைகள் வந்தன. பஸ் மெதுவாக அந்தப் பக்கம் ஒதுங்கிற்று. சக்கரத்தடியில் சரளை நொறுங்கியது. விளக்கு வெளிச்சத்தில் ரோட்டைக் காணோம், கறுப்புத் தண்ணீரில் மழைப் புள்ளிதான் தெரிந்தது. டிரைவரின் மோவாய் நெஞ்சில் கிடந்தது.

நான் கத்தினேன். ஆனால் வெளியே வந்தது என் குரல் இல்லை. விடியுமுன் பெரட்டுக்கு ஆள் எண்ண லயத்து வாசலில் வந்து நின்று கத்துவாரே எங்கள் கங்காணி, அவர் குரல்.

"பெரட்டு! பெரட்டுக்கு வாங்கடா! சோம்பேறிப் பசங்களா! இன்னும் என்னடா தூக்கம்? எந்திரிடா!"

டிரைவர் துள்ளி ஸ்டீரிங்கை வளைத்தான். பஸ் ஆடிக்கொண்டே ரோட்டுக்கு ஏறியது. அவன் மட்டுமா எழுந்தான்? பஸ் முழுக்க எழுந்துவிட்டது. ஒரு பெண் கண்ணைத் திறக்காமலே தலைக்குத் துணி சுற்றினாள். ஒருவர் பெஞ்சுக்கு அடியில் பால் வாளியைத் தேடினார். அக்கா புருஷன் கூரையில் தலை இடிக்க எழுந்து நின்று, "இருக்கேன் கங்காணி!" என்றார்.

எங்கே இருக்கிறோம் என்று அவர்களுக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. தலைத்துணி சுற்றிய பெண் அதைப் பிரித்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். வாளி தேடியவர் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"யாரு கத்துனது?" என்றாள் அக்கா.

"உன் தம்பிதான் அக்கா. கங்காணி முன் சீட்டுல வந்துட்டாரு!" என்றான் டிரைவர்.

அதற்கப்புறம்தான் சிரிப்பு வந்தது. ஒருவர் முதலில் சிரிக்க, எல்லாருக்கும் தொற்றிக்கொண்டது. "இன்னொரு தடவை கத்து, மச்சான்" என்றார் அக்கா புருஷன். கத்தினேன். டிரைவர் கண்ணைக் கசக்கும்போதெல்லாம் என் முதுகில் யாராவது குத்தினார்கள், நானும் கத்தினேன். கோலாலம்பூரில் ஒரு முறை. பிரிக்பீல்ட்ஸில் என் கொட்டகையைத் தாண்டும்போது ஒரு முறை. கிள்ளான் பாலத்தில் கடைசியாக. "வந்தேன் கங்காணி" என்று உள்ளேயிருந்து வந்த பதில் குரல்கள் ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தன. பாலத்துக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் களைத்துவிட்டார்கள்.

துறைமுகம் வந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. வரிசையில் நிறுத்தி ஆள் எண்ணிக் கப்பலுக்கு அனுப்பினார்கள். டிரைவர் ஸ்டீரிங் மேலேயே கவிழ்ந்து குறட்டை விட்டான். அக்கா பிள்ளையோடு என் முன்னால் வந்து நின்றாள். போய்ச் சேர்ந்ததும் தகவல் சொல், நானும் வந்துவிடுவேன் என்று இரண்டே இரண்டு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தேன். கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

"பேசாதே, விடு. ராத்திரியெல்லாம் பேசினது போதும்" என்று என் தோளைத் தட்டிவிட்டு வரிசையில் போய்ச் சேர்ந்தாள்.

பிரிக்பீல்ட்ஸ், வெகுதானிய வருடம் ஐப்பசி மாதம் 9ஆம் தேதி.