வருங்காலம் தெரிந்த பெண்

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் மேலகரம் வீட்டு டிவியில் சாயங்காலமானால் ஒரு டப்பிங் நாடகம் ஓடும். அதில் என் வயசுப் பெண் ஒருத்தி பேசிக்கொண்டிருக்கும்போதே அப்படியே உறைந்து நிற்பாள். கண் எங்கோ வெறிக்கும். அடுத்து நடக்கப்போவது அவளுக்குத் தெரிந்துவிடும். முகம் தெரியாத கூட்டம் ஒன்று சிரிக்கும், எங்கள் வீடும் சேர்ந்து சிரிக்கும்.

அந்த வருஷம்தான் நானும் அப்படி நிற்க ஆரம்பித்தேன். தோசைத் தட்டோடு நிற்பேனாம், கூப்பிட்டால் கேட்காதாம். நினைவு வரும்போது சுற்றிலும் கைதட்டல். "ஏட்டி, என்ன தெரிஞ்சுது?" என்பான் அண்ணன். அசடு வழியக்கூடாதே என்று வாய்க்கு வந்ததைச் சொல்வேன். அப்பா குற்றாலத்தில் சீசன் பழக்கடை போட்டிருந்தார். அருவியில் வெள்ளம் வந்து தடை போட்டால் வியாபாரம் படுத்துவிடும். "நாளைக்கு குளிக்க விடுவாங்களா, சொல்லுட்டி" என்பார். விடுவார்கள் என்பேன். சில தடவை பலித்தது. குறிசொல்லி என்று தெருவில் பெயராகிவிட்டது.

பிளஸ் டூவில் பள்ளிக்கூடத்தில் விழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். தென்காசி டாக்டர் வலிப்பு என்றார். முன்பு அசையாமல் நின்றதும் அதுதானாம். ஒருநாள்கூட மாத்திரையை விடக்கூடாது என்றார். வெளியே வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "இது வெளிய தெரிஞ்சா யாரு இவளக் கட்டுவா?" மாத்திரை உளுந்து டப்பாவுக்குள் போனது. அக்கம்பக்கத்தாரிடம் வீட்டில் பழைய கதையையே சொன்னார்கள், பிள்ளைக்கு நடக்கப்போவது தெரியும், அதான் அப்படி நிற்கிறாள் என்று. நோயாளியைவிடக் குறிசொல்லி மேல் போலிருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வருஷம் புளியங்குடியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். எலுமிச்சை மண்டி வைத்திருக்கும் குடும்பம். முந்தின நாள் அம்மா சொன்னாள், "கல்யாணமாகிப் போனதும் கொஞ்ச நாளு மாத்திரை வேண்டாம். அங்கன யாராச்சும் பாத்துட்டா மானம் போயிரும்."

மாப்பிள்ளையின் அம்மா கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைச் சீண்டினார். "உனக்கு நடக்கப்போறது தெரியுமாமே. எங்க வீட்டுக்கு வந்தா என்ன நடக்கும், சொல்லு பாப்போம்."

"எனக்கு வலிப்பு இருக்கு, அத்தை. மாத்திரை இல்லாம வந்தேன்னா ஒருநாள் உங்க அடுப்பு மேலயே விழுவேன்."

அவர் கேசரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். கார் கிளம்பும் சத்தம் கேட்டதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "உன் வாழ்க்கையில நீயே மண்ணள்ளிப் போட்டுட்டியேட்டி" என்றாள். நானும் அழுதேன். விழுந்து செத்தாலும் பரவாயில்லை, வெளியே தெரியாமல் இருந்தால் போதும் என்று என்னைப் பெற்றவளே நினைத்தாளே என்று அழுதேன்.