ஜெப நேரத்தில் முடிந்த படங்கள்

என் மகள் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி என் முன்னால் வைத்துவிட்டு, "சின்ன வயசுல நீ பார்த்த முதல் படம் எதும்மா?" என்று கேட்டாள். அந்தக் காலத்துப் பிள்ளைகளின் பொழுதுபோக்கைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறாளாம்.

"பார்த்ததா? நாங்க படம் கேட்டவங்கடி" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தாம்பரத்தில் முடிச்சூர் ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. பின்னால் வயல். அறுவடை முடிந்ததும் அந்த வயலில் கீற்றுக் கொட்டகை போட்டுச் சில மாதங்கள் படம் காட்டுவார்கள். சாயங்காலம் ஒரு பக்திப் பாட்டைப் போட்டால் டிக்கெட் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். தெருவே கிளம்பிவிடும். நாங்கள் மட்டும் வீட்டில் இருப்போம். அப்பா சர்ச் கமிட்டியில் இருந்தவர். சினிமா பார்ப்பது பாவம், அவ்வளவுதான், அதற்கு மேல் பேச்சில்லை.

ஆனால் கீற்றுக்குச் சத்தத்தைத் தடுக்கத் தெரியுமா என்ன? வசனம் முழுக்க எங்கள் சாப்பாட்டு அறைக்கு வந்துவிடும். கோர்ட் சீன் நடக்கும்போது அப்பா அப்பளத்தைக்கூடச் சத்தமில்லாமல் கடிப்பதை நான் கவனித்திருக்கிறேன். கேட்டால் முறைப்பார். குரலை வைத்து நாங்களாக ஆளுக்கு ஒரு முகம் போட்டுக்கொள்வோம். ஒரு வில்லனுக்குத் தேன் மாதிரிக் குரல். அவனை நான் எங்கள் ஞாயிறுப் பள்ளி வாத்தியார் போலவே கற்பனை செய்து, பாதிப் படம்வரை நல்லவன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் கஷ்டம் ஒன்பது மணிக்குத்தான். அது குடும்ப ஜெப நேரம். எந்தப் படமானாலும் முதல் ஆட்டத்தின் முடிவும் அதே நேரத்துக்குத்தான் வந்து நிற்கும். அப்பா கொட்டகைக்குப் போட்டியாகக் கீர்த்தனையை உரக்கப் பாடுவார். பிறகு நாங்கள் முழங்காலில் நிற்க, நோயாளிகள், பிரயாணிகள், பரீட்சை எழுதுகிறவர்கள் என்று ஒருவர் விடாமல் ஜெபிப்பார். ஆமென் சொல்லி எழுந்தால் வெளியே சைக்கிள் மணிச் சத்தம்தான் கேட்கும். எத்தனையோ கதாநாயகிகள் எங்கள் வீட்டில் தண்டவாளத்தில் கட்டப்பட்டபடியே நின்றுபோனார்கள். இரண்டாவது ஆட்டம் முடியும்வரை விழித்திருக்க யாருக்கும் அனுமதி இல்லை.

அப்படி ஒரு வருஷம் அந்தப் படம் வந்தது. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்துவிட்டு ஊர் ஊராகத் தேடி அலையும் ஒரு தாயின் கதை. அதில் ஒரு தாலாட்டு வரும். அது ஒலித்ததும் அம்மா கையிலிருக்கும் கரண்டியை அப்படியே வைத்துவிட்டுப் பின்வாசலில் போய் நின்றுகொள்வாள்.

எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு மகன் பிறந்திருந்தான். இரண்டு வயதில் காய்ச்சல் வந்து போய்விட்டான். அவனைப் பற்றி அம்மா வாயே திறக்கமாட்டாள். அப்பாவும்தான். அந்த வீட்டில் அவனுக்காக அழுவதற்குக்கூட ஒரு சாக்கு வேண்டியிருந்தது என்பது எனக்குப் பின்னாளில்தான் புரிந்தது.

பக்கத்து வீட்டு அக்கா அந்த வயலுக்குச் சொந்தக்காரர். ஓசி பாஸ் உண்டு, எல்லாப் படத்தையும் பார்த்துவிடுவார். அம்மா தயங்கித் தயங்கி அவரிடம் கேட்டாள்: "அந்தக் குழந்தை கிடைச்சிடுச்சாக்கா?"

"ஐயே, கதைய சொல்லிட்டா அப்புறம் இன்னா கீது? ஒரு வாட்டி எங்கூட வந்து பாரு. உங்க வூட்டுக்காரரு இன்னா தூக்குலயா போட்டுடுவாரு?" என்று சிரித்தாரே தவிர, சொல்லவில்லை. அவரிடமிருந்து அந்தப் படத்தின் பாட்டுப் புத்தகத்தை வாங்கி வந்து பார்த்தேன். கதைச் சுருக்கம் எழுதி, கடைசி வரியில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டிருந்தது. கோபத்தில் அதைக் கிழித்துப் போடலாம் போலிருந்தது.

அன்று இரவு ஜெபத்தில் அம்மா தன் முறை வந்தபோது, "காணாமப் போன பிள்ளைங்க எல்லாம் தாய்கிட்ட வந்து சேரணும் ஆண்டவரே" என்று சொல்லி விம்மினாள். அப்பா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். ஜெபத்தில் கண்ணைத் திறக்கக்கூடாது என்று எங்களை அதட்டுகிறவர் அவர். நானும் திறந்திருந்ததால்தான் தெரியும்.

அந்த வாரமே படம் மாறிவிட்டது. அதை அடுத்ததாகக் கூடுவாஞ்சேரி கொட்டகையில் போடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சத்தமாகச் சொன்னார். அப்பா அப்போது கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

சில நாள் கழித்து அப்பா முதன்முறையாக ஒன்பது மணி ஜெபத்துக்கு வரவில்லை. நாங்கள் சாப்பிட்டு ஜெபித்துப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தபோது வந்தார். "ட்ரெயின் தகராறு" என்றார். காலையில் அம்மா அவருடைய பேண்ட்டைத் துவைக்க எடுத்து உதறினாள். பின்பக்கத்திலிருந்து பொலபொலவென்று மணல் கொட்டியது. தரை டிக்கெட்டுக்கு மணலில்தான் உட்காரவேண்டும். அம்மா கொஞ்ச நேரம் அந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பேண்ட்டை வாளியில் போட்டாள்.

காபி குடிக்கும்போது அப்பா பேப்பரிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னார்: "அந்தக் குழந்தை கிடைச்சிடுச்சாம். ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க."

"அம்மாவ அடையாளம் தெரிஞ்சுதாமா?" என்று அம்மா கேட்டாள்.

"தாலாட்டக் கேட்டதும் ஓடி வந்து மடியில உக்காந்துக்கிச்சாம்."

அம்மா காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று சமையலறையில் அவள் மெல்லிய குரலில் அந்தத் தாலாட்டைப் பாடியதைக் கேட்டேன். சினிமாப் பாட்டு எங்கள் வீட்டுக்குள் பாடப்பட்டது அதுதான் முதல் தடவை. அப்பா காதில் விழாதவர்போல ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

எழுபதுகளின் கடைசியில் பக்கத்து வீட்டு அக்கா டெலிவிஷன் வாங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தப் படத்தைப் போடுகிறார்கள் என்று எங்களை வந்து அழைத்தார். ஆராதனைக்குக் காலையிலேயே போய் வந்தாயிற்று என்று அம்மா கிளம்பிவிட்டாள். அப்பா என்னென்னவோ சாக்குச் சொல்லிப் பார்த்தார். கேட்ட படத்தை ஒருமுறையாவது பார்க்கவேண்டும் என்று அம்மா அவரையும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"கண்ணத் தொடைக்கத் துணி எடுத்துனு வந்தியா?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

"எதுக்குக்கா? அதான் கிடைச்சிடுமே" என்றாள் அம்மா. அக்கா அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

குழந்தை கிடைக்கவில்லை. ஆற்றங்கரையில் அதன் சட்டையை மட்டும் கண்டெடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு அந்தத் தாய் தாலாட்டுப் பாடுகிறாள். அதோடு படம் முடிந்தது. அறையில் எல்லாரும் மூக்கைச் சிந்தினார்கள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு அது உறைத்தது. பாவம் என்று தான் சொன்ன இடத்துக்கே போய் மணலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, பொய்யும் சொல்லியிருக்கிறார் அப்பா. அவர் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஒன்பது மணிக்குப் பாயை விரித்து உட்கார்ந்தோம். அப்பா கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "நான் அன்னிக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

அம்மா அவர் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிப் பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தாள்.

"கூடுவாஞ்சேரியில நீங்க பார்த்தீங்களே, அதுதாங்க சரியான படம். டிவிக்காரங்க முடிவ மாத்திட்டாங்க. நீங்க பாட்ட ஆரம்பிங்க" என்றாள்.